நிமிடங்களின் கணக்கு: கணினி மைதானத்தில் வீரர் வளர்வது எப்படி?

ஒரு பதினேழு வயதுப் பெடியன் இருபத்திமூன்று வயதில் எப்படி ஆடுவான்? மைதானத்து ஓரத்தில் நிற்கும் பயிற்றுநரைக் கேட்டால் "பார்ப்பம்" என்பார். கணினி ஆட்டம் எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் இன்றைக்கே ஓர் எண் போட வேண்டும். ஆறு வருடத்தில் அந்த எண் எவ்வளவு ஏறும், எதனால் ஏறும், எங்கே போய் நிற்கும் என்பதற்கெல்லாம் விதி எழுத வேண்டும். ஆகவே விளையாட்டு சிமுலேஷன் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் வீரர் வளர்ச்சி பற்றிய ஒரு முழுக் கோட்பாடு இருக்கிறது. பயிற்சி நூல்கள் பலவற்றைவிட அது வெளிப்படையானது என்பது என் எண்ணம். நூலில் மழுப்பலாம், நிரலில் மழுப்ப முடியாது.

திருகோணமலை லிங்கநகரில் மாலை நேரத்தில் மதில் ஓரம் குந்தியிருக்கும் நாலு பெடியளில் மூன்று பேரின் கைபேசியில் உதைபந்தாட்டம் ஓடுகிறது. ஈஃபுட்போல், எஃப்சி மொபைல், யாராவது ஒருவனிடம் மடிக்கணினி இருந்தால் ஃபுட்போல் மனேஜர். இந்த ஆட்டங்கள் வளர்ச்சியை எப்படிக் கணக்கிடுகின்றன, அந்தக் கணக்கு திருகோணமலையில் வளரும் ஒரு வீரனுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதுதான் இங்கே கேள்வி. ஆனால் கைபேசியில் தொடங்குவது சரிவராது. வளர்ச்சிக்குத் திட்டமான காலக்கெடு வைத்திருப்பது அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ஆட்டம். அங்கிருந்து வருவோம்.

அமெரிக்கக் கால்பந்து நம் உதைபந்து அல்ல. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், தோளுக்குக் காப்பு என்று பார்த்தால் றக்பிக்குத்தான் அது உறவுமுறை. அங்கே பல்கலைக்கழக அணிகளின் போட்டிகளுக்கு இலட்சம் பேர் கூடும் அரங்குகள் உண்டு. ஈஏ நிறுவனம் இந்தக் கல்லூரி ஆட்டத்தைக் கணினி ஆட்டமாக வருடாவருடம் விற்றது. வீரர்களின் பெயர் மட்டும் இருக்காது. ஆடும் இடம், சட்டை இலக்கம், உயரம், நிறை எல்லாம் அச்சொட்டாக இருக்கும். மாணவர்கள் சம்பளமில்லாத அமெச்சூர் வீரர்கள் என்ற விதி அப்போது நடைமுறையில் இருந்ததால், அவர்களுக்கு ஒரு சதமும் போகவில்லை. கலிபோர்னியாவின் யூசிஎல்ஏ அணிக்குக் கூடைப்பந்து ஆடிய எட் ஓபானன் தன் உருவத்தை ஒரு கணினி ஆட்டத்தில் கண்டு 2009இல் வழக்குப் போட்டார். 2013இல் வந்த என்சிஏஏ ஃபுட்போல் 14 அந்த வரிசையின் கடைசிப் பதிப்பானது. 2014இல் ஓபானனுக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. 2021 ஜூலையில் மாணவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் பெற வழி திறந்தது. பதினொரு வருட இடைவெளிக்குப் பிறகு 2024 ஜூலையில் கொலேஜ் ஃபுட்போல் 25 வெளிவந்தபோது 134 அணிகளும் உண்மைப் பெயர்களோடு பதினோராயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களும் அதில் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் 600 டொலரும் ஆட்டத்தின் ஒரு பிரதியும் கிடைத்தன. வளர்ச்சி பற்றிப் பேசுமுன் இந்த வழக்கைச் சொல்லக் காரணம் உண்டு: திரையில் ஏறி இறங்கும் எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதன் நிற்கிறான் என்பதை ஒரு நீதிமன்றம் சொல்லித்தான் ஒரு துறை ஏற்றுக்கொண்டது.

அந்த ஆட்டத்தின் டைனஸ்டி முறையில் நீங்கள் பயிற்றுநர். உயர்தரப் பாடசாலையிலிருந்து வரும் மாணவனுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம். அதோடு ஒவ்வொருவனுக்கும் ஒரு வளர்ச்சிக் குணம் உண்டு: நோர்மல், இம்பாக்ட், ஸ்டார், எலீட் என்று நான்கு படிகள். நட்சத்திரம் அவன் இன்றைக்கு எங்கே நிற்கிறான் என்று சொல்லும், வளர்ச்சிக் குணம் அவன் எவ்வளவு வேகமாக ஏறுவான் என்று தீர்மானிக்கும். மூன்று நட்சத்திரத்தோடு வந்து எலீட் குணம் கொண்டவன், நோர்மல் குணத்தோடு வந்த ஐந்து நட்சத்திரக்காரனை நான்காம் வருடத்தில் தாண்டிவிடலாம். இதற்கு மேல் திறன்தொகுதிகளுக்கு உச்சவரம்பும் இருக்கிறது. வேகத்தில் எவ்வளவு உழைத்தாலும் இந்தக் கட்டத்துக்கு மேல் இல்லை என்று சில கட்டங்கள் பூட்டிக் கிடக்கும். பருவம் முடிந்து வரும் ஒரு வாரத்தில் பயிற்சிப் பெறுபேறு திரையில் விழும்: இவன் நான்கு ஏறினான், அவன் ஒன்று ஏறினான்.

வருடம் முழுக்கச் செய்த பயிற்சி ஒரே வாரத்தில் மொத்தமாக விழுவது அபத்தம்தான். பயிற்றுநருக்கு அங்கே வளர்ப்பு வேலை குறைவு, தெரிவு வேலைதான் அதிகம். ஆனால் இரண்டு விடயங்களை இந்த ஆட்டம் மற்றவற்றைவிடச் சரியாகப் பிடித்திருக்கிறது. ஒன்று, கடிகாரம். இந்த ஆட்டத்தில் கல்லூரி வீரனுக்கு ஆட நான்கு பருவங்கள். ஒரு பருவத்தில் நான்கு போட்டிகளுக்கு மேல் ஆடாமல் ஒதுக்கி வைத்தால் அந்த வருடம் கணக்கில் சேராது, இதை ரெட்ஷேர்ட் என்பார்கள். எவ்வளவு நல்லவனானாலும் நாட்கள் எண்ணப்பட்டவை. இரண்டாவது, விலகல். ஒவ்வொருவனுக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ஒரு நிபந்தனை இருக்கும். ஒருவனுக்கு ஆடும் நேரம், இன்னொருவனுக்கு வீட்டுக்குக் கிட்ட இருப்பது, வேறொருவனுக்குத் தொழில்முறை லீக்குக்குப் போகும் வாய்ப்பு. அது நிறைவேறாவிட்டால் அவன் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவான். இளம் வீரனுக்கு மைதானத்துக்கு வெளியேயும் மனம் இருக்கிறது என்று எண்ணில் எழுதிக் காட்டிய ஆட்டம் என்பதற்காகவே எனக்கு இதில் மரியாதை.

இனி ஃபுட்போல் மனேஜர். இதில் நின்று பேச வேண்டியது அதிகம்.

இங்கிலாந்தின் கொலியர் சகோதரர்கள், போலும் ஆலிவரும், தங்கள் படுக்கையறையில் இருந்து எழுதிய சம்பியன்ஷிப் மனேஜர் 1992இல் வெளிவந்தது. பின்னர் வெளியீட்டாளரோடு பிரிவினை ஏற்பட்டு, அதே குழு 2004 முதல் ஃபுட்போல் மனேஜர் என்ற பெயரில் தொடர்ந்தது. இதில் வீரனின் ஒவ்வொரு திறனுக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண். திரையில் தெரிகிற இந்த எண்களுக்குப் பின்னால் தெரியாத இரண்டு எண்கள் இருக்கின்றன: இன்றைய ஆற்றல், சாத்திய ஆற்றல். இரண்டும் 200க்கு. வளர்ச்சி என்பது முதல் எண் இரண்டாவது எண்ணை நோக்கி ஊர்வது. ஊருகிற வேகத்தைத் தீர்மானிப்பவை கழகத்தின் பயிற்சி வசதி, பயிற்றுநரின் தரம், போட்டியில் ஆடிய நேரம், காயம், கூட இருக்கும் மூத்த வீரர்களின் குணம், அவனுடைய சொந்தக் குணம். அந்தக் குணத்தில் தொழில்நேர்த்தி, இலட்சியம் போன்றவை ஆடுகிறவர் கண்ணுக்கே படாத மறை எண்கள். ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு தொகுதிப் பதின்ம வயதினர் வந்து சேர்வார்கள். அவர்கள் கணினி பெற்ற பிள்ளைகள், நிஜத்தில் இல்லாதவர்கள். எந்த நாட்டில் எப்படிப்பட்ட பிள்ளைகள் பிறப்பார்கள் என்பதற்கும் நாட்டுக்கொரு மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறார்கள்.

வருடக்கணக்கில் ஆடியவர்கள் பொதுவாக ஒத்துக்கொள்ளும் ஒரு போக்கு இதில் உண்டு. பதினெட்டு வயதுவரை பயிற்சியும் வசதியும் வேலை செய்யும். அதற்குப் பிறகு இருபத்தொன்று, இருபத்திரண்டு வரை நிமிடங்கள்தான் பேசும். பதிவில் இருந்தும் ஆடாமல் வாங்கில் குந்தியிருக்கும் பத்தொன்பது வயதுக்காரனின் எண் அப்படியே உறைந்து நிற்கும். சாத்திய எண் 160 இருந்தாலும் பயனில்லை, அவன் 115இல் நின்றுவிடுவான். இருபத்தாறு வயதில் திறந்து பார்த்தால் அந்த இடைவெளி மூடப்படாமலே கிடக்கும். நம் ஊர்ப் பயிற்றுநர் யாரும் மறுக்காத உண்மை இது. அதை எண்ணாக எழுதி வைத்திருப்பதுதான் இந்த ஆட்டத்தின் பெருமை.

சிக்கல் சாத்திய எண்ணில் இருக்கிறது. நீங்கள் ஆட்டத்தைத் தொடங்கும் கணத்திலேயே அது முடிவாகிவிடும், பிறகு மாறாது. தலையெழுத்து என்று நம் பாட்டிமார் சொன்னதை இங்கிலாந்துக்காரர் 200க்குப் போட்டுத் தந்திருக்கிறார்கள். இளையோருக்கு இந்த எண்ணைத் திட்டமாகப் போடாமல் ஓர் எல்லைக்குள் விட்டுவிடும் முறையும் உண்டு. அப்போது ஒவ்வொரு புது ஆட்டத்திலும் வேறொரு எண் விழும். ஆனாலும் விழுந்தபின் விழுந்ததுதான். ஈஏயின் உதைபந்து ஆட்டத்தில் பிற்காலப் பதிப்புகள் இதைத் தளர்த்தி, நன்றாக ஆடினால் உச்சவரம்பே உயரும்படி செய்தன. கோட்பாட்டளவில் அது கூடுதல் நியாயம். நடைமுறையில் யார் கையிலும் யாரும் மெஸ்சி ஆகிவிடுகிறார்கள் என்ற குறை அதில்.

சரி, உண்மை வீரனுக்கு இந்த எண்ணைப் போடுவது யார்? உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வாளர்கள், பெரும்பாலும் அந்தந்தக் கழகத்தின் இரசிகர்கள். அவர்கள் பார்த்ததை எழுதி அனுப்புகிறார்கள். பெரும்பாலும் நன்றாகவே செய்கிறார்கள், 2008இல் இங்கிலாந்தின் எவர்ட்டன் கழகமே வீரர் தேடலுக்கு இந்தத் தரவுத்தளத்தைப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்தது. ஆனால் சம்பியன்ஷிப் மனேஜர் 01/02இல் வந்த இரண்டு பெயர்கள் இந்த முறையின் ஓட்டையையும் காட்டும். டோ மடெய்ரா என்ற போர்த்துக்கேய முன்வரிசை வீரன் கோல் மழை பொழிவான். அப்படி ஒருவன் ஆடியதேயில்லை. அங்குள்ள ஆய்வாளர் ஒருவர் தன்னையே அந்தப் பெயரில் உள்ளே விட்டிருந்தார். மற்றவன் டொன்டன் சோலா முகோகோ, இவன் உண்மையானவன். சுவீடனிலிருந்து டேர்பி கவுண்டியின் இளையோர் அணிக்கு வந்தவன். ஆட்டத்தில் உலகத் தரம். நிஜத்தில் குடும்பத்தில் நேர்ந்த இழப்புகள் அவனைத் திருப்பி அனுப்பின, டேர்பியின் முதல் அணிக்கு அவன் ஒருமுறையும் ஆடவில்லை. ஆய்வாளர் அவனுடைய காலைப் பார்த்ததில் தவறு செய்திருக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து வரும் செய்திக்கு அந்த நிரலில் இடம் இருக்கவில்லை.

கைபேசி ஆட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அங்கே வளர்ச்சி என்பது கொள்வனவு. அட்டை திறக்கிறது, வீரன் வருகிறான், நாணயமும் பயிற்சிப் புள்ளியும் போட்டால் அவன் எண் ஏறுகிறது. ஈஃபுட்போலில் அந்தப் புள்ளிகளை எதில் இடுவது என்று நீங்களே பிரிக்கலாம் என்பது மட்டும் கொஞ்சம் சுவை. வயது இல்லை, காயம் இல்லை, சோம்பல் இல்லை. பிளேஸ்டேஷன் 2 காலத்து பிஈஎஸ் மாஸ்டர் லீக் இதைவிட எவ்வளவோ மேல்: காஸ்டோலோ, மினாண்டா என்று ஒன்றுக்கும் உதவாத அணியோடு தொடங்கி, ஒவ்வொருவனுக்கும் உரிய வளர்ச்சி வளைவைப் பார்த்து, யார் முந்திப் பழுப்பான், யார் பிந்திப் பழுப்பான் என்று காத்திருக்க வேண்டும். கேம் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடிய தலைமுறைக்கு அது பொறுமையைப் பழக்கியது என்றுகூடச் சொல்வேன்.

இப்போது இந்தக் கணக்குகளைத் திருகோணமலைக்குக் கொண்டு வருவோம். பிரித்தானியக் கடற்படை 1957 வரை தளம் வைத்திருந்த துறைமுகம் இது. மக்கெய்சர் அரங்கும் ஏகாம்பரம் மைதானமும் ஊரின் மாலை நேரங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துக் கழகங்கள் வந்தால் ஆட்டம் இன்னும் சூடு. ஆனால் அமெரிக்காவில் பல்கலைக்கழகம் செய்கிற வளர்ப்பு வேலையை இங்கே செய்வது பாடசாலை. பத்தொன்பது, இருபது வயதில் பாடசாலை முடியும். அதாவது, நிமிடங்கள் பேசத் தொடங்கும் என்று ஃபுட்போல் மனேஜர் சொல்லும் அதே வயதில் இங்கே நிமிடங்கள் நின்றுபோகின்றன.

ஒரு பிறப்பாண்டை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2004 மார்ச்சில் இந்த ஊரில் பிறந்த ஒரு பெடியன். அந்த வருட டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்தபோது கைக்குழந்தை. போர் முடிந்தபோது ஐந்து வயது, 2010இல் முதலாம் வகுப்பு. அவன் பதினாறாவது வயதைத் தொட்ட 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்த வருடத்துச் சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. பதினெட்டு வயதில், 2022இல், எரிபொருள் இல்லாமல் நாடு நின்றது, போட்டிக்குப் போக பஸ்ஸுக்கு டீசல் இல்லை. 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை பிஃபா இடைநிறுத்தியது, ஓகஸ்ட் இறுதியில்தான் தடை நீங்கியது. அதுவரை சர்வதேச ஆட்டமே இல்லை. அவனுடைய உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரியில் நடந்தது. அதற்கு முந்திய ஆறு மாதம் ரியூசன். பதினாறு முதல் பத்தொன்பது வரையான நான்கு வருடத்தில் ஒழுங்காக ஆடக் கிடைத்தது எவ்வளவு? இந்தத் தரவை எந்த சிமுலேஷனில் போட்டாலும் எண் உறைந்துதான் நிற்கும். "இப்பத்தைப் பெடியளுக்கு ஆட்டத்தில் அக்கறை இல்லை" என்று அரங்கப் படிகளில் இருந்து சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

அதன் பிறகு ஏறப் படியும் இல்லை. 2021இல் தொடங்கிய இலங்கை சுப்பர் லீக்கில் பத்துக் கழகங்கள் இருந்தன. கொழும்பு, களுத்துறை, பேருவளை, நாவலப்பிட்டி, வென்னப்புவ எல்லாம் இருந்தன. இராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றும் வேறு பெயர்களில் இருந்தன. வடக்கு, கிழக்கு மாகாணங்களிலிருந்து ஒன்றும் இருக்கவில்லை. 2018இல் வடக்கு கிழக்குப் பிரீமியர் லீக் நடந்தபோது திருகோணமலைக்கும் ஓர் அணி இருந்தது, மைதானங்கள் நிரம்பின. அதைப் போல வருடாவருடம் நடக்கும் ஒரு களம் இருந்தால் பத்தொன்பது வயதுக்கு அப்பால் இங்கேயே நிமிடங்கள் கிடைக்கும். நாட்டில் சம்பளத்தோடு உதைபந்து ஆட நிலையான இடம் முப்படையும் பொலிசும்தான். அந்த வாசலில் தமிழ்ப் பெடியன் தயங்குவதற்கான காரணங்களை நான் இங்கே விரிக்க வேண்டியதில்லை. மற்றவனுக்குக் கட்டார், சவூதி, கனடா. அமெரிக்க ஆட்டத்தில் நிபந்தனை நிறைவேறாதவன் வேறு கல்லூரிக்குப் போகிறான். இங்கே அவன் ஆட்டத்தை விட்டே போகிறான். நான் பார்த்த எந்த ஆட்டத்திலும் நல்ல வீரனொருவன் பத்தொன்பது வயதில் தங்கைக்காக வேலைக்குப் போகிற நிகழ்வு நிரலில் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பார்ன்ஸ்லி கழகத்துக்காக 2024இல் முதல் அணியில் களமிறங்கிய விமல் யோகநாதன் வேல்ஸில் பிறந்த ஈழத்தமிழ்ப் பிள்ளை, வேல்ஸ் இளையோர் அணிகளுக்கும் ஆடியவர். சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன், ஜேர்மனியில் வளர்ந்த வசீம் ராசீக், இங்கிலாந்தில் வளர்ந்த டிலன் டி சில்வா ஆகியோர் இலங்கைச் சட்டை அணிந்தார்கள். இப்படி வெளியில் வளர்ந்தவர்களைச் சேர்த்த அணிதான் 2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்குள் போனது. வெற்றி சந்தோஷம்தான். ஆனால் வளர்ச்சி நோக்கில் பார்த்தால் சம்மேளனம் செய்தது கைபேசி ஆட்டத்து வேலை: வளர்ந்த அட்டையை வாங்குவது. அதே இரத்தம், அதே பெயர்கள். வேறுபாடு பதினாறுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் கிடைத்த புல்தரையும் போட்டிகளும். பிறப்பிலேயே விழும் சாத்திய எண்ணுக்கு எதிராக இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

பயிற்றுநர் என்ற மாறிக்கும் கிழக்கில் ஒரு தெளிவான சாட்சி உண்டு, அது உதைபந்தில் அல்ல, கூடைப்பந்தில். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபையினர் 1940களின் பிற்பகுதியில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் வந்தார்கள். (கல்லூரிக் கால்பந்துக்குப் பைத்தியம் பிடித்த லூசியானா மாநிலத்துக்காரர் அவர்களில் இருந்தும், கொண்டுவந்தது வேறு பந்து.) அவர்களில் ஒருவரான அருட்தந்தை யூஜின் ஹேபர்ட்டின் கையில் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்து நாடளவில் பேசப்பட்டது. ஊரின் பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். மாறியது ஒரு மனிதர் வருடக்கணக்காக ஒரே இடத்தில் நின்றது. 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவர் காணாமற்போனார். கொலேஜ் ஃபுட்போலில் பயிற்றுநருக்கு மோட்டிவேட்டர் என்றொரு வகை இருக்கிறது, அதைத் தெரிவுசெய்தால் வீரர்கள் வேகமாக வளர்வார்கள். அப்படிப்பட்டவர் திடீரென்று இல்லாமற் போனால் அடுத்த பத்து வருடத்துப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் என்பதற்கு அங்கே விதி இல்லை. அடுத்த வாரமே வேறொரு பயிற்றுநரை அமர்த்திக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொன்னபின் ஆட்டங்களைக் குறைசொல்லி முடிப்பது நியாயமாகாது. நிமிடம், வசதி, குணம், கூட்டாளி, பயிற்றுநர் என்று அவை எடுத்துக்கொண்ட மாறிகள் சரியானவை. உச்சவரம்பைப் பிறப்பிலேயே போட்டதும், ஆட்டத்தை விட்டே போவதை எண்ணாததும்தான் பிழை. இலங்கை லீக் ஃபுட்போல் மனேஜரில் ஆடக் கிடைப்பதில்லை, இந்திய லீக் கிடைக்கிறது. ஆனால் அந்த ஆட்டத்தோடு ஒரு தொகுப்பி மென்பொருளும் வருகிறது. விருப்பமுள்ளவர் எந்த லீக்கையும் அதில் கட்டி உள்ளே சேர்க்கலாம். திருகோணமலை லீக்கைக் கட்ட ஒருவர் உட்கார்ந்தால் என்ன கேட்கும்? பிறந்த திகதி, கால், இடம், உயரம், கடந்த பருவங்களில் எத்தனை ஆட்டம். இவற்றில் முதல் நான்கை வீடு வீடாகக் கேட்டு நிரப்பிவிடலாம். ஐந்தாவதில் கை நிற்கும். பாடசாலைப் பதிவேட்டில் முடிவும் கோல் அடித்தவன் பெயரும் கிண்ணம் வாங்கிய படமும் இருக்கும். யார் எத்தனை நிமிடம் ஆடினான் என்பது இருக்காது. மாற்று வீரனாக எழுபதாம் நிமிடத்தில் இறங்கினவனும் முழுதாக ஆடினவனும் சான்றிதழில் ஒன்றுதான்.

இதற்குத் தேவை நூற்றிருபது பக்கக் கொப்பி ஒன்று, ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு பக்கம்: திகதி, எதிரணி, உள்ளே போன நிமிடம், வெளியே வந்த நிமிடம், காயம், வராதவன் ஏன் வரவில்லை. கடைசிக் கட்டத்தை விட்டுவிடக் கூடாது. ரியூசன், கடலுக்குப் போனான், சப்பாத்து இல்லை, அப்பா மறித்தார் என்று வருவதை வந்தபடியே எழுத வேண்டும். விளையாட்டுப் பொறுப்பாசிரியருக்கு நேரமில்லாவிட்டால் வாங்கில் இருக்கும் மாற்று வீரனிடம் கொடுக்கலாம், அவனுக்கு அந்த வேளையில் வேறு வேலை இல்லை.